துவரை வேரில் சந்தனம் போட்ட முடிச்சு

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நர்சரியில் ஆறு சந்தனக் கன்றுகள் வாங்கி வந்தேன். ஒவ்வொரு பையிலும் சந்தனத்தை ஒட்டி ஒரு துவரைச் செடியும் நின்றது. மண் கலக்கும்போது விதை தப்பி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. ஆறு பையிலும் துவரையை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, வேரில் இருந்த மண்ணைத் தட்டி உதிர்த்து, தோட்டத்தில் வரிசையாக நட்டேன். தண்ணீர் குறைவில்லை, எரு குறைவில்லை. மூன்றாவது வாரமே இலைகள் வெளிறத் தொடங்கின. நான்கு மாதத்தில் ஆறும் போய்விட்டன.

எங்கள் தெருவில் வனக்காவலராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஜவ்வாது மலையில் பல வருடம் சந்தனத்தோடு பழகியவர். காய்ந்த குச்சிகளைப் பார்த்துவிட்டு, "துவரை எங்க தம்பி?" என்றார்.

"களைன்னு பிடுங்கிட்டேன் ஐயா."

"அத எடுத்துட்டா இது என்னத்தக் குடிக்கும்?"

சந்தனம் ஒட்டுண்ணி என்பது பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததுதான். பச்சை இலை இருக்கிறது, மாவு தானே தயாரித்துக்கொள்கிறது, அதனால் அது பாதி ஒட்டுண்ணி. தண்ணீரிலும் தாது உப்பிலும் பெரும்பங்கைப் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அது எப்படி எடுக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. ஒரு செடியின் வேர் இன்னொரு செடியின் வேருக்குள் நுழைந்து, இரண்டு உடம்பும் ஒன்றாக இணைவது என்றால் அந்த இடம் எப்படி இருக்கும்? அதைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. ஒரு வருடத்துக்கும் மேல் அதற்குப் போனது. அந்தப் பதிவுதான் இது.

விதையும் பையும்

இந்த முறை கன்று வாங்கவில்லை. அக்டோபரில் பெரியவர் தோட்டத்து மரத்தடியில் கருத்துப் பழுத்து விழுந்த பழங்களைப் பொறுக்கி, சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்தி வைத்தேன். சந்தன விதைக்கு இரண்டு மாத உறக்கம் உண்டு. ஜனவரி நடுவில், முளைப்பைத் தூண்டும் ஜிப்ரெலிக் அமிலம் அரை கிராமை முதலில் சில சொட்டு ஸ்பிரிட்டில் கரைத்து, அதை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, விதையை ஓர் இரவு ஊற வைத்தேன். பிறகு மணல் மேடையில் விதைத்து, எலி வராமல் கம்பி வலை போட்டு மூடினேன். பிப்ரவரி கடைசியில் முளை தெரிந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. பொறுமையாகத் தண்ணீர் தெளித்ததுதான்.

வீட்டில் சந்தனம் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2002இல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டா நிலத்தில் வளரும் சந்தன மரம் நில உரிமையாளருக்குத்தான் சொந்தம். வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

ஏப்ரலில் நாலைந்து இலை வந்த நாற்றுகளைப் பன்னிரண்டு பைகளுக்கு மாற்றினேன். மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, தொழு உரம் ஒன்று. நாலு பையில் சந்தனம் மட்டும். நாலில் சந்தனத்தோடு இரண்டு துவரை விதை. நாலில் பொன்னாங்கண்ணித் தண்டு. நர்சரிக்காரர்கள் வழக்கமாக வைக்கும் துணைச்செடிகள் இவை இரண்டும்தான்.

துவரை வேகமாக ஏறி சந்தனத்தை மறைத்துவிடும் என்பது மே மாதத்தில் புரிந்தது. இளம் சந்தனத்துக்கு லேசான நிழல் பிடிக்கும். அடர்ந்த நிழலில் அது மெலிந்து நீள்கிறது. இரண்டு முறை துவரையின் தலையைக் கிள்ளிவிட்டேன். கிள்ள வேண்டும், பிடுங்கக் கூடாது.

முதல் கழுவல் வீணானது

ஜூன் முதல் வாரம் ஒரு துவரைப் பையைப் பிரித்தேன். பையைக் கிழித்து, மண்கட்டியைத் தரையில் வைத்து, ஹோஸ் பைப்பால் பீய்ச்சினேன். ஐந்து நிமிடத்தில் வேர்கள் சுத்தமாகக் கைக்கு வந்தன. ஆனால் சந்தன வேர் தனியாகவும் துவரை வேர் தனியாகவும் வந்தன. இரண்டுக்கும் இடையில் ஒன்றும் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் துவரை வேரின் மேல் அங்கங்கே சின்னச் சின்னத் தழும்புகள் தெரிந்தன, அம்மைத் தழும்பு போல. ஒட்டியிருந்ததெல்லாம் தண்ணீரின் வேகத்தில் பிய்ந்து போயிருக்கிறது.

முன்பு ஆறு கன்றுகளின் வேரில் மண்ணைத் தட்டி உதிர்த்தேனே, அப்போது என்ன நடந்திருக்கும் என்பது அந்தத் தழும்புகளைப் பார்த்ததும் விளங்கியது.

இரண்டு மாதம் காத்திருந்து, ஆகஸ்டில் அடுத்த பை. இந்த முறை பையோடு ஒரு வாளித் தண்ணீரில் ஓர் இரவு முழுக்க ஊற வைத்தேன். காலையில் தண்ணீருக்குள்ளேயே பையைக் கத்தரித்து எடுத்துவிட்டு, மண்கட்டியை அசைக்காமல், வாளியை மட்டும் லேசாக ஆட்டி ஆட்டிக் கலங்கல் தண்ணீரை ஊற்றி, புதுத் தண்ணீர் விட்டேன். பன்னிரண்டு முறை மாற்றியிருப்பேன். மிச்சமிருந்த மணலைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளிவிட்டேன். முழுதாக மூன்று மணி நேரம். பிறகு எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்க வைத்தேன்.

தெரிந்தது. துவரையின் பழுப்பு வேரில், சந்தனத்தின் மெல்லிய வேர்கள் பக்கவாட்டில் வந்து சேர்ந்து, சேர்ந்த இடத்தில் ஒரு மணி வடிவ முடிச்சு. இளசுகள் பால் வெள்ளை, கடுகு அளவு. மூத்தவை மங்கிய பழுப்பு, மிளகில் பாதி. லென்ஸில் பார்த்தால் முடிச்சின் விளிம்பு இரண்டு உதடு போல விரிந்து துவரை வேரை இரு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கிறது. பாடநூலில் இதற்கு ஹாஸ்டோரியம் என்று பெயர். உறிஞ்சுறுப்பு என்றும் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எண்ணினேன்: ஒரே பையில் 41.

தட்டில் இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. இரண்டு முடிச்சுகள் துவரையில் இல்லை. ஒன்று ஒரு சரளைக் கல்லைக் கவ்வியிருந்தது. இன்னொன்று சந்தனத்தின் சொந்த வேரையே பிடித்திருந்தது. அதே வாரம் தனியாக நின்ற சந்தனப் பை ஒன்றைப் பிரித்தபோது இந்தச் சொந்த வேர் முடிச்சுகள் இன்னும் அதிகம். வேறு ஆள் கிடைக்காதபோது தன் வேரையே தேடிப் பிடிக்கிறது. அந்தச் செடியின் உயரம் ஒன்பது சென்டிமீட்டர், இலையெல்லாம் மஞ்சள். பொன்னாங்கண்ணியோடு நின்றது பதினாறு. துவரையோடு நின்றது இருபத்திரண்டு, கரும்பச்சை.

பிளேடும் கேரட்டும்

வெளியே பார்த்தாயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள்தான் வழி சொன்னாள். "கேரட்டைப் பிளந்து நடுவுல வச்சு வெட்டணும்ப்பா, அப்பதான் நசுங்காது." தாவரவியல் ஆய்வகத்தில் எல்லோரும் செய்வது அதுதானாம். முடிச்சு இருக்கும் துவரை வேரை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, பிளந்த கேரட்டுக்குள் நிமிர்த்தி வைத்து, புது ஷேவிங் பிளேடைத் தண்ணீரில் நனைத்து, கேரட்டோடு சேர்த்து ஒரே இழுப்பாகச் சீவ வேண்டும். முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது. சீவியதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டால், கண்ணாடி போல மெல்லியதாக மிதப்பதை மட்டும் பிரஷ்ஷால் எடுக்கலாம்.

நூறு சீவினால் நாலு தேறும். அந்த நாலிலும் முடிச்சின் நடுமையம் வழியாகப் போனது ஒன்றுதான் இருக்கும். ஓரத்தில் வெட்டுப்பட்டால் வெறும் சதைதான் தெரியும். மூன்று மாலைகள் இதிலேயே போயின. பழைய மாணவர் நுண்ணோக்கி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். சாயத்துக்கு ஒரு சதவீத சாஃப்ரனின். மரத்தன்மை கொண்ட செல் சுவர்களை அது சிவப்பாகக் காட்டும். மூன்று நிமிடம் சாயத்தில், பிறகு கழுவல், ஒரு சொட்டு கிளிசரின், மேலே கவர் ஸ்லிப்.

நடுமையம் வழியாகப் போன முதல் வெட்டு கிடைத்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. கீழே வட்டமாகத் துவரை வேர். அதன் நடுவில் தண்ணீர் ஏறும் சைலம் குழல்கள் சிவந்த ஓட்டைகளாக, தேன்கூடு போல. மேலே சந்தனத்தின் மணி. மணியிலிருந்து ஓர் ஆப்பு துவரை வேரின் வெளிச்சதையான புறணியைப் பிளந்துகொண்டு நேராக இறங்கி, சைலத்தைத் தொட்ட இடத்தில் நின்று, அங்கே பக்கவாட்டில் தட்டையாகப் பரவியிருந்தது. யானையின் பாதம் தரையில் பதிந்தது மாதிரி.

ஆப்பின் இரு பக்கமும் துவரைச் செல்கள் கிழிந்து கிடக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி இல்லை. பெரும்பாலும் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தன. செல்லையும் செல்லையும் ஒட்டும் பசை பெக்டின். உறிஞ்சுறுப்பின் நுனிச் செல்கள் சுரக்கும் நொதிகள் அந்தப் பசையை இளக்கிவிடுகின்றன. பிறகு ஆப்பு அழுத்தி நுழைகிறது. பலமும் வேண்டும், ரசாயனமும் வேண்டும். முடிச்சுக்குள்ளேயே நசுங்கிய செல்களின் ஒரு கருங்கோடும் தெரிந்தது. கவ்விப் பிடித்து அழுத்திய அழுத்தத்தின் தடம் அது.

மணிக்கு உள்ளே சிவந்த இழைகள் இரண்டு கிளையாகப் பிரிந்து, கவிழ்த்து வைத்த கூஜா போல, சந்தன வேரின் மையத்திலிருந்து துவரையை நோக்கி இறங்கின. அவை சந்தனத்தின் சொந்தச் சைலம், இந்த இணைப்புக்காகவே புதிதாக உண்டானவை. குழாய்க்குக் குழாய் சொருகியது போல இவை துவரையின் குழல்களோடு நேராகத் திறந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் சிவப்பு இழைகள், இரண்டு செடியும் சந்திக்கும் முகப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டன. இடையில் சாயம் ஏறாத செல்களின் வரிசை. தவறான வெட்டோ என்று இன்னும் ஐந்து நல்ல வெட்டுகள் எடுத்தேன். டொலுயிடின் நீலச் சாயம் வாங்கி, அதையும் போட்டுப் பார்த்தேன். குழல்கள் பசுநீலமாக வந்தன. நடுவரிசை ஊதாவாக வந்தது. ஆறிலும் அதே கதை.

நூல்களைத் தேடிப் படித்தபோது, சந்தனத்தில் இதுதான் இயல்பு என்று தெரிந்தது. முகப்பின் பெரும்பகுதி பாரன்கைமா, அதாவது உயிருள்ள மெல்லிய செல்கள். துவரையின் குழலில் ஓடும் தண்ணீர் இந்தச் செல்களையும் அவற்றின் சுவர்களையும் தாண்டித்தான் சந்தனத்துக்குள் போகவேண்டும். சர்க்கரையைக் கொண்டுபோகும் ஃபுளோயம் இந்த முகப்பு வரை வருவதே இல்லை. சும்மா ஓட்டை போட்டுக் குடிப்பதில்லை. வாசலில் உயிருள்ள காவல் ஒன்று நிற்கிறது.

எல்லா ஒட்டுண்ணியும் இப்படி இல்லை. சோளத்தில் வரும் சுடுமல்லியின் செல்கள் சோள வேரின் சைலக் குழலுக்குள்ளேயே விரல் நீட்டிவிடும். வேலியில் மஞ்சள் நூலாகப் படரும் அம்மையார் கூந்தல் சைலத்தோடு ஃபுளோயத்தையும் பிடித்துக்கொள்ளும். இலையில்லாத அதற்குச் சர்க்கரையும் வேண்டுமே.

பக்கத்தில் ஒரு வேர் இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது? சுடுமல்லியில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். சோள வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருள் விதையை முளைக்கச் சொல்கிறது. வேரின் செல் சுவரிலிருந்து வரும் பென்சோகுவினோன் வகைப் பொருள் பட்டதும் முளையின் நுனி நீள்வதை நிறுத்தி உறிஞ்சுறுப்பாகப் பருக்கிறது. தன் செல் சுவரின் வாசனையே சோளத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சந்தன வேர் ஒட்டுண்ணி என்று முதலில் எழுதியவர் ஜான் ஸ்காட், 1871இல். இந்த முடிச்சைச் செல் செல்லாகப் பார்த்து விரிவாக எழுதியவர் சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக இருந்த சி. ஏ. பார்பர், 1906இலும் 1907இலும் இரண்டு பகுதிகளாக அது வெளிவந்தது. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் டி. எஸ். வெங்கட்ராமனோடு சேர்ந்து கரும்பு ரகங்களை உருவாக்கிய அதே பார்பர்தான். நான் மூன்று மாலை தடுமாறி எடுத்த ஒரு வெட்டை, நூறு வருடத்துக்கு முன்னால் அவர் எத்தனை நூறு எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மா ஒட்டுக்கட்டிப் பழகியவர்களுக்கு இதில் இன்னொரு வியப்பும் உண்டு. மாவோடு மா ஒட்டும். மாவைக் கொண்டுபோய் வேம்பில் கட்டினால் ஒட்டாது. ஆனால் சந்தனம் துவரை, பொன்னாங்கண்ணி, சவுக்கு, புல் என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத முந்நூறுக்கும் மேற்பட்ட செடிகளோடு ஒட்டுகிறது. 2020இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், புகையிலை இனச் செடிகள் தூரத்துக் குடும்பச் செடிகளோடும் ஒட்டுக்கூடுவதையும், ஒட்டும் இடத்தில் செல் சுவரை இளக்கும் குளுக்கனேஸ் என்ற நொதி வேலை செய்வதையும் காட்டினார்கள். ஓர் ஒட்டுண்ணிச் செடி ஓம்புயிரியோடு, அதாவது தான் உறிஞ்சும் செடியோடு, இணையும் இடத்திலும் அதே வகை நொதி வேலை செய்வதைக் கண்டார்கள். கத்தியும் நாடாவும் வைத்து நாம் செய்வதை இந்தச் செடிகள் மண்ணுக்கடியில் தாமே செய்துகொள்கின்றன.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது

இரண்டு சோதனைகள் செய்தேன். முதலாவது எளிது. மீதமிருந்த ஒரு துவரைப் பைக்கு மூன்று நாள் தண்ணீர் விடவில்லை. மூன்றாம் நாள் மதியம் துவரை இலைகள் தொங்கிவிட்டன. அதே பையில், அதே மண்ணில் நின்ற சந்தன இலை ஒன்றும் தளரவில்லை. ஒட்டுண்ணி இலைகள் ஓம்புயிரியைவிட அதிகமாக நீராவியை வெளியே விடுகின்றன. அந்த இழுவிசையில்தான் தண்ணீர் அதன் பக்கம் வருகிறது. படித்தபோது இது வெறும் தகவலாக இருந்தது. தலை தொங்கிய துவரைக்குப் பக்கத்தில் சந்தனம் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலமே தண்ணீர் ஊற்றிவிட்டேன். மறுநாள் துவரை எழுந்துகொண்டது.

இரண்டாவது சாயம். கழுவிய செடியில், முடிச்சுள்ள மூன்று துவரை வேர்களின் நுனியை நறுக்கி, சாஃப்ரனின் கரைசல் உள்ள சின்னக் குப்பிகளில் விட்டேன். சந்தனத்தின் மற்ற வேர்களை ஈரத்துணியில் சுற்றி, செடியை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தேன். பிறகு முடிச்சுகளை வெட்டிப் பார்த்தேன். மூன்றிலும் துவரையின் குழல்கள் சிவந்திருந்தன. இரண்டில் சிவப்பு முகப்போடு நின்றுவிட்டது. ஒன்றில் மட்டும் முகப்பைத் தாண்டி மணிக்குள் மெல்லிய ரோஜா நிறம் பரவியிருந்தது. மூன்றில் ஒன்றை வைத்து எதையும் நிரூபித்ததாகச் சொல்லமாட்டேன். அந்த ஸ்லைடை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"புல்லுருவி" என்று நாம் மனிதர்களைத் திட்டுகிறோம். இத்தனை மாதம் இந்த முடிச்சைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. துவரையிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, உண்மைதான். அதற்காகச் சந்தனம் புதிதாக ஓர் உறுப்பையே கட்டுகிறது. அன்னிய உடம்பின் செல்லோடு தன் செல்லைப் பொருத்துகிறது. அது சாதாரண வேலை இல்லை.

நடவு

அக்டோபர் மழையில் மீதமிருந்தவற்றை நிலத்துக்கு மாற்றினேன். பையின் அடியையும் பக்கத்தையும் பிளேடால் கீறி, மண்கட்டி உடையாமல் இரு கையாலும் ஏந்தி, குழியில் இறக்கினேன். மண்ணைத் தட்டவில்லை. துவரையும் கூடவே போனது. துவரை ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடும் என்பதால், ஒவ்வொரு சந்தனத்துக்கும் இரண்டு அடி தள்ளி ஒரு சவுக்குக் கன்றும் வைத்தேன். தனியாக வளர்ந்த சந்தனங்களில் உயிரோடு இருந்த இரண்டுக்கும் சவுக்கு வைத்தேன். அதில் ஒன்று பிழைத்துப் பச்சை பிடித்திருக்கிறது, மற்றது போய்விட்டது.

பொங்கல் முடிந்த வாரம், பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு சவுக்கின் பக்கம் மட்டும் கையால் மண்ணை விலக்கிப் பார்த்தேன். நாலு விரல்கடை ஆழத்தில் சவுக்கின் செம்பழுப்பு வேர். அதன் மேல் கடுகு அளவில் ஒன்று, வெள்ளையாக. லென்ஸை அவரிடம் கொடுத்தேன். மலையில் அத்தனை வருடம் இருந்தும் இதைப் பார்த்ததில்லை என்றார். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "மூடிடு தம்பி, காத்து படப்போவுது" என்றார். ஈர மண்ணை அள்ளி மூடினேன்.